பயணத்தின் நோக்கம்

பிப்ரவரி 9

அன்புள்ள அத்தைக்கு,

போன்லயே சொல்லிடலாம்னு ரெண்டு மூணு ஞாயிற்றுக்கிழமையா பார்க்கிறேன். நீங்க "உடம்பு எப்படி இருக்கு"ன்னு கேட்பீங்க. நான் "நல்லா இருக்கேன், உங்களுக்கு?"ம்பேன். "எனக்கென்ன"ன்னு சொல்வீங்க. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் மூச்சு விடுற சத்தம்தான் லைன்ல கேட்கும். உங்க பிள்ளை போய் இந்த மூணு வருஷத்துல நாம பேசினதையெல்லாம் சேர்த்து எழுதினா ஒரு கார்டுல அடங்கிடும். அதனாலதான் பேப்பர்ல எழுதி, போட்டோ எடுத்து அனுப்புறேன்.

நீங்க ஒரு தடவை இங்க வரணும், அத்தை. அவர் இருக்கிற இடத்தை நீங்க பார்க்கணும். போன மாசம் கல் வெச்சாச்சு. பேரை நம்ம எழுத்துலயே வெட்டச் சொன்னேன். வெட்டினவருக்கு நம்ம எழுத்து தெரியாது, நான் எழுதிக் குடுத்ததைப் படம் மாதிரி பார்த்து வெட்டியிருக்கார். பரவாயில்லை, அழகாவே இருக்கு.

விசா எல்லாம் ஆன்லைன்லதான். நானே இங்கிருந்து போட்டுடுவேன். நீங்க பாஸ்போர்ட் முதல் பக்கம், ஒரு போட்டோ, ஆபீஸ்ல லீவு குடுக்கிறதா ஒரு கடிதம், பேங்க் விவரம், இவ்வளவும் அனுப்பினா போதும். போன தடவை குடுத்த கைரேகைக்குக் காலக்கெடு முடிஞ்சிடுச்சு, அதுக்கு மட்டும் நேர்ல போகணும்.

மே மாசம் வந்தா நல்லா இருக்கும். குளிர் விட்டிருக்கும். கீழ ரெண்டு வரி எழுதி அடிச்சிருக்கேன், அதைக் கண்டுக்காதீங்க.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 17

மருமகளுக்கு,

உன் கடிதம் போன்ல வந்துச்சு. பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் படிச்சேன். அடிச்ச ரெண்டு வரியை விளக்குக்கு நேரா பிடிச்சுப் பார்த்தேன். போன்ல அது நடக்காதுன்னு அப்புறம்தான் உறைச்சது. இத்தனை வருஷமா ஊரார் தபாலை ஊர் வாரியாப் பிரிச்சுப் பைக்குள்ள போடுற எனக்கு, என் வீட்டுக் கடிதம் உறைகூட இல்லாம வருது. காலம்!

வரச் சொல்ற. எதுக்குன்னு யோசிக்கிறேன். என் பிள்ளை முகம் தெரியப் படுத்திருந்தப்ப என்னை வர விடல. விசா ஆபீஸும் விடல, நீயும் காத்திருக்கல. அவனை மண்ணுக்குள்ள வெச்சப்புறம், "உங்களுக்கு அனுமதி உண்டு, பாஸ்போர்ட்டை அனுப்பி வையுங்கள்"னு ஒரு மெயில் வந்துச்சு. நான் அனுப்பல. எதுக்கு அனுப்பணும்? இதை நான் உன்கிட்டச் சொன்னதில்ல. இப்ப சொல்றேன்.

இதை எழுதிட்டு எழுந்து போய் டீ குடிச்சிட்டு வந்தேன். கிழிச்சுப் போடலாம்னு பார்த்தேன். கிழிக்கல. இருக்கட்டும்.

போட்டோ இதோட அனுப்பியிருக்கேன். தங்கச்சிதான் கையோட கடைக்கு இழுத்துட்டுப் போனா. பாதி பார்வை போன அவ எனக்கு வழி காட்டினா, நான் பின்னால போனேன். போட்டோ எடுக்கிற பையன் "சிரிக்கக் கூடாதும்மா, விசா போட்டோ"ன்னான். "சிரிக்கிற மூஞ்சியாடா இது"ன்னு கேட்டேன். அவன் சிரிச்சுட்டான். மத்த பேப்பரும் வெச்சிருக்கேன். தங்கச்சியோட தொல்லை தாங்காமத்தான் அனுப்புறேன்னு வெச்சுக்கோ.

ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லு. போன தடவை என் விண்ணப்பம் எங்க போச்சு? யார் கைல இருந்துச்சு? எங்க ஆபீஸ்ல ஒரு தபால் வரலைன்னா எந்தப் பையில, எந்த வண்டியில போச்சுன்னு தேடிக் கண்டுபிடிச்சுச் சொல்லிடுவோம். என்னோடது எங்க கிடந்துச்சு?

அத்தை


பிப்ரவரி 26

அன்புள்ள அத்தைக்கு,

அது எங்க போச்சுன்னு எனக்கே வெகு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. நாம "அனுப்பு"ன்னு அமுக்கினதும் விண்ணப்பம் நேரா ஒருத்தர் மேஜைக்குப் போறதில்லை. நீங்க எந்த நாட்டுல இருக்கீங்கன்னு பார்த்து, அந்தப் பக்கத்தைக் கவனிக்கிற ஆபீஸோட வரிசையில கம்ப்யூட்டரே சேர்க்கும். அங்க வேலை குவிஞ்சு கிடந்தா, கை காலியா இருக்கிற வேற ஆபீஸுக்குத் திருப்பி விடும். அது மூணாவது நாடு ஒண்ணுலகூட இருக்கலாம். நீங்க கைரேகை வைக்கப் போற சென்டர்காரங்களுக்கு இதுல ஒரு அதிகாரமும் கிடையாது. வாங்கி அனுப்புறதோட சரி. முடிவு எடுக்கிறவரை நாம பார்க்கவே மாட்டோம்.

உங்களோடது அப்படித்தான் எங்கயோ ஒரு மூணாவது நாட்டுக்குப் போயிருக்கு. அந்த வாரம் அங்க அரசு விடுமுறை. ஆபீஸைப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. அது தெரியாம நான் இங்க இருக்கிற ஆபீஸுக்கு மெயில் மேல மெயில் போட்டுட்டிருந்தேன். போட்ட உடனே பதில் வரும். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு துள்ளும். திறந்தா, "உங்கள் செய்தி கிடைத்தது, இந்த மெயிலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம்"னு இருக்கும்.

காத்திருக்கலன்னு எழுதியிருக்கீங்க. அத்தை, நான் வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரியிலதான் அவரை வெச்சிருந்தாங்க. ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, ஆவியில வெச்சு, துணியில கட்டிக் குடுக்கிறவ நான். தெரிஞ்ச முகம்னு பிண அறைக்காரர் திரும்பத் திரும்பத் தவணை குடுத்தார். கடைசியா ஒரு நாள் நான் போய் நின்னதுமே என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "இனிமே அவங்க அம்மா வந்தாலும், அம்மா பார்க்கிற மாதிரி இருக்காதும்மா"ன்னார். அதுக்கு மேல நான் என்ன செய்வேன்? இதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் நீங்க திட்டினப்பல்லாம் வாயை மூடிட்டு இருந்தேன்.

நேத்து விண்ணப்பத்தைப் போட்டுட்டேன். குடும்ப விவரம்னு ஒரு பக்கம். கணவர், பெற்றோர், பிள்ளைகள். மாமாவுக்கு எதிர்ல "காலமானார்". உங்க அப்பா அம்மாவுக்கும் அதேதான். அப்புறம் அவர் பேர். அந்த ஒரு வார்த்தையைத் தேர்ந்தெடுக்க எனக்கு வெகு நேரமாச்சு.

பயணத்தின் நோக்கம்னு கேட்ட இடத்துல, மகனின் கல்லறையைப் பார்ப்பது, மருமகளுடன் சில வாரம் தங்குவதுன்னு எழுதியிருக்கேன்.

உங்கள் மருமகள்


மார்ச் 12

அம்மாடி,

அந்தப் பிண அறைக்காரர் சொன்னதையே நினைச்சிட்டிருக்கேன். அதைப் பத்தி எழுத உட்கார்ந்தா கை ஓடல. இப்போதைக்கு விடு.

கைரேகை வைக்கப் போன கதையைக் கேளு. சென்டர் ஒரு பெரிய கட்டடத்துல நாலாவது மாடி. உள்ள ஒரே குளிர், ஒரே அமைதி, எல்லார் மடியிலயும் ஒரு பிளாஸ்டிக் உறை. பரீட்சை எழுத வந்தவங்க மாதிரி உட்கார்ந்திருக்கோம். என் முறை வந்துச்சு. கண்ணாடி மேல விரலை வைக்கச் சொன்னா ஒரு பொண்ணு. வெச்சேன். மெஷின் சிவப்பு விளக்கு போட்டுச்சு. திரும்ப வெச்சேன். திரும்பவும் சிவப்பு.

"அம்மா, நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"ன்னா.

"தபால் பிரிக்கிறேன்."

"அதான். காகிதம் தேய்ச்சே ரேகை போயிருக்கு."

எனக்குச் சிரிப்பா வந்துச்சு, கொஞ்சம் பயமாவும் இருந்துச்சு. "ரேகை இல்லைன்னா ஆளே இல்லைன்னு எழுதிடுவீங்களா?"ன்னேன். "அப்படியெல்லாம் விட்டுட மாட்டோம்மா"ன்னு எழுந்து வந்து, ஈரத்துணியால ஒவ்வொரு விரலா துடைச்சு, தன் கையால அமுக்கிப் பிடிச்சா. கட்டைவிரல் மட்டும் அடம் பிடிச்சுது. கடைசியில அதுவும் பச்சை. அந்தப் பொண்ணு கை தட்டாத குறை.

"எப்பம்மா முடிவு வரும்?"ன்னு கேட்டேன்.

"அது எங்களுக்குத் தெரியாதும்மா. நாங்க இங்கிருந்து அனுப்புறதோட சரி."

நீ எழுதினது அப்படியே. எனக்கு அவ மேல கோபம் வரல. நானும் அனுப்புறதோட சரின்னு இருக்கிறவதானே. எந்த உறையில நல்ல சேதி, எதுல கெட்ட சேதின்னு பார்த்தா பிரிக்கிறேன்?

வெளில வந்து ஒரு துணிக்கடை கண்ணாடி முன்னால நின்னேன். குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை தொங்குச்சு. வாங்கல. விலை மட்டும் கேட்டு வெச்சிருக்கேன்.

அத்தை


ஏப்ரல் 2

அன்புள்ள அத்தைக்கு,

இன்னைக்குக் காலைல விசா விண்ணப்பக் கணக்குல ஒரு கடிதம் வந்திருந்துச்சு. மறுத்துட்டாங்க.

உள்ளதை அப்படியே நம்ம மொழியில எழுதுறேன், நீங்க வேற யார்கிட்டயாவது குடுத்துப் படிக்க வேண்டாம். "தங்கும் காலம் முடிந்ததும் நீங்கள் எங்கள் நாட்டை விட்டுச் செல்வீர்கள் என்பதில் எனக்குத் திருப்தி ஏற்படவில்லை. உங்கள் சொந்த நாட்டில் உங்களுக்குப் போதிய குடும்பப் பிணைப்பு இல்லை. உங்கள் பயணத்தின் நோக்கமும் தெளிவாக இல்லை." அவ்வளவுதான். கையெழுத்துக் கிடையாது, அதிகாரி எண் மட்டும்.

குடும்பப் பிணைப்பு இல்லைன்னு உங்களைப் பார்த்து ஒருத்தர் எழுதுறதுக்கு நான் காரணமாயிட்டேன். அந்தக் கட்டங்களை நிரப்பினது நான்தானே.

இன்னொண்ணும் சொல்லணும், அத்தை. நோக்கம் தெளிவா இல்லைன்னு அந்த அதிகாரி எழுதினது சரி. நான் முழுசா எழுதல. உங்களுக்கும் எழுதல. முதல் கடிதத்துல அடிச்சது அதைத்தான்.

போன வருஷம் எங்க கட்டடத்துல லிஃப்ட் பாதியில நின்னுபோய் உள்ள மாட்டிக்கிட்டேன். ரிப்பேர் பண்ண வந்தவர் வெளிலருந்து பேச்சுக் குடுத்துக்கிட்டே வேலை பார்த்தார். "உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"ன்னு கேட்டார். "நான் மட்டும்தான்"னேன். அதைச் சொன்னதும் எங்கிருந்தோ அழுகை வந்துடுச்சு. அவருக்கு நான் லிஃப்டுக்குப் பயந்து அழறேன்னு நினைப்பு. "பயப்படாதீங்க, கயிறு நல்லா இருக்கு, நான் போன மாசம்தான் பார்த்தேன்"னு சொல்லிட்டே இருந்தார். அப்புறம் ஒரு வாரம் கழிச்சு, லிஃப்ட் நல்லா ஓடுதான்னு பார்க்க வந்தார். ஓடிட்டுத்தான் இருந்துச்சு. அதுக்கடுத்த வாரமும் வந்தார்.

நாங்க கல்யாணம் பண்ணிக்கிறதா இருக்கோம். மே இருபதாம் தேதி பதிவு அலுவலகத்துல நேரம் வாங்கியிருக்கு. அவர் நம்ம மொழி பேசுறவர் இல்ல. உங்க பிள்ளையைப் பத்தி எல்லாம் தெரியும். கல் வைக்கிறப்ப கூட நின்னு தூக்கினது அவர்தான்.

உங்களை வரவெச்சு, முகத்தைப் பார்த்துச் சொல்லணும்னு இருந்தேன். போன்ல சொன்னா நீங்க "எனக்கென்ன"ன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். நீங்க இல்லாம அந்த அலுவலகத்துல போய் நிக்க எனக்கு மனசில்ல.

திரும்ப விண்ணப்பிக்கலாம், தடை ஒண்ணுமில்ல. ஆனா இந்தத் தடவை நோக்கத்தை உள்ளபடி எழுதணும். எழுதலாமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும். விண்ணப்பக் கணக்கோட பாஸ்வேர்டைத் தனியா அனுப்புறேன். எதுவா இருந்தாலும் அது உங்க பேர்ல இருக்கிறது, உங்க கையில இருக்கட்டும்.

மருமகள்


ஏப்ரல் 19

அத்தைக்கு,

பதில் இல்ல. ஞாயிற்றுக்கிழமை போனும் எடுக்கல. சித்திகிட்டக் கேட்டேன், "உடம்புக்கு ஒண்ணுமில்ல, மனசுதான்"னு சொன்னாங்க.

எழுதச் சொல்லி வற்புறுத்தல. சாப்பிடுறீங்களான்னு மட்டும் சித்தி மூலமா சொல்லி அனுப்புங்க.

மருமகள்


ஏப்ரல் 27

அம்மாடி,

சாப்பிடுறேன். அதுக்கு ஒரு குறையும் இல்ல.

உன் கடிதத்தைப் படிச்சிட்டு போனைக் கவுத்து வெச்சேன். மறுநாள் வேலையில ஒரு கட்டு முழுக்கத் தப்பான பையில போட்டேன். பக்கத்துல இருக்கிறவ எடுத்துச் சரி பண்ணிட்டு ஒண்ணும் கேட்காம இருந்தா. கேட்டிருந்தா அழுதிருப்பேன்.

கோபம் கல்யாணத்து மேல இல்ல. நீ இந்த வயசுல தனியா கிடக்கணும்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்ல. "வந்து அவர் இருக்கிற இடத்தைப் பாருங்க"ன்னு கூப்பிட்டியே, அப்படிக் கூப்பிட்டது பொய்யான்னுதான் கோபம். என் பிள்ளையைச் சாக்கா வெச்சு என்னை வரவழைக்கிறியான்னு. அப்புறம், கல் தூக்கினது அவர்தான்னு எழுதியிருந்தியே, அந்த வரியை வந்து வந்து படிச்சேன். கோபம் கொஞ்சம் இறங்குச்சு. இறங்கினதும் கீழ பயம் இருந்துச்சு. நீ இன்னொரு வீட்டுக்குப் போயிட்டா நான் உனக்கு யாரு? குடும்பப் பிணைப்பு இல்லைன்னு எழுதின அந்த ஆள் சொன்னது நிஜமாயிடுமேன்னு.

சரி, இது வேணாம், அந்தக் கணக்கை மூடிடலாம்னு முடிவு பண்ணி, நீ அனுப்பின பாஸ்வேர்டை எடுத்துக்கிட்டு எங்க தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அந்தத் தம்பி திறந்து பார்த்துட்டு, "மறுத்திருந்தா என்னம்மா, திரும்பப் போடலாமே. எதுக்காகப் போறீங்க?"ன்னான். வாய் தானா சொல்லிடுச்சு.

"மருமகளுக்குக் கல்யாணம்."

"மகளுக்கா?"

"மருமகளுக்குடா."

அவன் விரல் நின்னுடுச்சு. "அப்போ உங்க பையன்?"

"தவறிட்டான்."

நல்ல பையன்தான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டு, "அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. மகள்னே போட்டுடலாம். மருமகளோட ரெண்டாவது கல்யாணத்துக்கு மாமியார் போறாங்கன்னா எந்த ஆபீசர் நம்புவான்?"ன்னான்.

"நம்பாட்டிப் போகட்டும். மருமகள்னு போடு."

"கிடைக்காதும்மா."

"கிடைக்காட்டிப் போகுது! இல்லாத உறவைச் சொல்லிக்கிட்டு நான் எதுக்குப் போகணும்? இருக்கிற உறவு என்ன கேவலமா?"

சென்டர்ல இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. கணக்கை மூடப் போனவ, திரும்பப் போடுன்னு சண்டை போட்டுட்டிருக்கேன். அங்கேயே ஒரு பேப்பர் வாங்கி, அந்த அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். தம்பி மொழிபெயர்த்துக் குடுத்தான். உனக்கும் ஒரு படி இருக்கட்டும்.

"மதிப்பிற்குரிய அதிகாரிக்கு,

என் மகன் உங்கள் நாட்டில் இறந்து, அங்கேயே அடக்கமாகியிருக்கிறான். அவன் மனைவிக்கு இப்போது மறுமணம். அவளுக்குத் தாய் இல்லை. பெண்ணின் பக்கம் நிற்பதற்கு வீட்டு மனுஷி ஒருத்தி வேண்டும். அதற்காக வருகிறேன். மகனின் கல்லறையையும் பார்ப்பேன். இவ்வளவுதான் என் பயணத்தின் நோக்கம்.

எனக்கு இங்கே குடும்பப் பிணைப்பு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் படிவத்தில் தங்கைக்குக் கட்டம் இல்லை. எனக்குத் தங்கை இருக்கிறாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். ஒரு கண்ணில் பார்வை இல்லை, மறு கண்ணில் மங்கல். நான் வேலை முடிந்து போய்ச் செய்தித்தாளைப் படித்துக் காட்டினால்தான் அவளுக்கு அன்றைய பொழுது முடியும்.

மகன் அங்கே இருப்பதால் நானும் அங்கேயே இருந்துவிடுவேன் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். எனக்கும் ஆசைதான். ஆனால் அவனுக்கு நான் செய்ய வேண்டியது இனி ஒன்றும் இல்லை. தங்கைக்குச் செய்தித்தாள் படிக்க வேண்டும். அதனால் திரும்பி வந்துவிடுவேன்."

மத்ததெல்லாம் நீ நிரப்பு. மருமகள்னு தெளிவா எழுது.

அத்தை


மே 6

அத்தை, அத்தை,

உங்க கடிதத்தை ஆஸ்பத்திரியில கருவி கட்டுற மேஜை மேல வெச்சுப் படிச்சேன். கையுறையைக் கழட்டிட்டு, கண்ணைத் துடைச்சிட்டு, திரும்ப முதல்லருந்து கையைக் கழுவி, புதுக் கையுறை போட வேண்டியதாப் போச்சு. மேற்பார்வையாளர் முறைச்சாங்க.

நான் கூப்பிட்டது பொய் இல்ல. அவர் கல்லறைக்கு உங்களைக் கூட்டிட்டுப் போகாம நான் வேற எந்த வாசல்லயும் ஏறக் கூடாதுன்னு நினைச்சதாலதான் முதல்ல அதை எழுதினேன். ரெண்டும் நிஜம், ஒண்ணை மட்டும் எழுதினது தப்பு.

எல்லாத்தையும் ஏத்தி அனுப்பிட்டேன். அழைப்புக் கடிதத்துல நாங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். லிஃப்ட்காரர் (நீங்க அவரை அப்படியே கூப்பிடலாம், நானும் அப்படித்தான் கூப்பிடுறேன்) தனியா ஒரு பக்கம் எழுதி இணைச்சார். "இந்த அம்மா வந்தால்தான் என் கல்யாணம் நடக்கும், தயவுசெய்து என் நிலைமையையும் கருத்தில் கொள்ளுங்கள்"னு. அதை எடுத்துடுங்கன்னு சொன்னேன், கேட்கல.

கைரேகை மார்ச்ல வெச்சதே செல்லும். இந்தத் தடவை விண்ணப்பம் வேற ஆபீஸுக்குப் போயிருக்குன்னு காட்டுது. யார் மேஜைன்னு தெரியாது. "பரிசீலனையில் உள்ளது." காலைல பல் விளக்கும்போது ஒரு தடவை, பஸ்ல ஒரு தடவை பார்க்கிறேன்.

இருபதாம் தேதியை ரத்து பண்ணிட்டோம். முடிவு தெரிஞ்சப்புறம் வேற நாள் வாங்கிக்கலாம்.

மருமகள்


மே 11

யாரைக் கேட்டு ரத்து பண்ண?

இந்த மாதிரி ஆபீஸுக்கு நாள் கிழமையெல்லாம் தெரியாது. அவங்க பாட்டுக்கு ஆறு மாசம் இழுத்தா, அந்த மனுஷன் லிஃப்டுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டே நிக்கணுமா? போன உயிரோட முகத்தைத்தான் ஓடி வந்து பார்க்கணும். இருக்கிறவங்க முகம் எங்கயும் போயிடாது. மெதுவா வந்து பார்த்துக்கிறேன். உடனே போய் பழைய தேதியைத் திரும்பக் கேளு.

அன்னைக்கு நீ காத்திருக்கலன்னு நான் பேசினதுக்காக இதைச் செய்றேன்னா, வேண்டாம். பிண அறைக்காரர் சொன்னதை நீ எழுதினப்பவே அந்தப் பேச்சு தீர்ந்துபோச்சு. அப்ப எழுத வரல. இப்ப எழுதுறேன்.

அத்தை


மே 14

அத்தை,

கேட்க மாட்டேன். உங்களுக்காகவும் இல்ல, அன்னைக்கு நடந்ததுக்காகவும் இல்ல. நீங்க வந்து நிக்கிறது எனக்கு வேணும். எத்தனை மாசமானாலும் சரி.

லிஃப்ட்காரர் உங்க கடிதத்தை மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லிக் கேட்டார். "எண்ணெய் போடுறது இல்ல, கிரீஸ்"னு திருத்தச் சொன்னார்.

மருமகள்


ஜூன் 3

அத்தை!

அனுமதி வந்துடுச்சு! காலைல பஸ்ல பார்த்தேன். ரெண்டு ஸ்டாப் தாண்டிப் போயிட்டேன், இறங்கணும்னே தோணல. நடந்து திரும்பி வந்தேன், வேலைக்குத் தாமதம், யாரும் ஒண்ணும் சொல்லல.

விளக்கமெல்லாம் எழுத மாட்டாங்க போல. சரின்னா ஒரே வரிதான். "உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. விசா பதிக்கக் கடவுச்சீட்டை அனுப்பி வையுங்கள்."

இந்தத் தடவை பாஸ்போர்ட்டை அனுப்பிடுவீங்கதானே?

மருமகள்


ஜூன் 4

அனுப்பிட்டேன். பதிவுத் தபால்ல. பையில நானே போட்டு, பை வாயை நானே கட்டினேன். கம்பளிச் சட்டையும் வாங்கியாச்சு.

அத்தை


ஜூலை 24

அம்மாடிக்கு,

பத்திரமா வந்து சேர்ந்தேன். இங்க இறங்கினதும் ஒரு பையன் பாஸ்போர்ட்ல முத்திரை குத்தினான். குத்தின கையைப் பார்த்தேன், சரியா அழுத்தல, பாதி எழுத்து விழல. "இன்னொரு தடவை நல்லாக் குத்துப்பா, நான் திரும்பி வந்தது தெளிவாத் தெரியணும்"னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, திரும்பக் குத்தினான்.

தங்கச்சி நான் போன நாள்லருந்து வந்த பேப்பரையெல்லாம் அடுக்கி வெச்சிருக்கா. முதல்லருந்து படின்னு அடம். நாலு வாரத்துப் பழைய சேதி. மழை வரும்னு போட்டிருக்கான், வந்து ஓய்ஞ்சே போச்சு. படிச்சிட்டிருக்கேன். நடுவுல நடுவுல உன் கல்யாணக் கதையைக் கேட்கிறா. நீ என்ன கலர்ல உடுத்தியிருந்தே, பதிவாளர் பேரைத் தப்பா வாசிச்சது, எல்லாத்தையும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்றா. "ஏன்டி, ஆளு எப்படி?"ன்னு கேட்டா. "அந்த அலுவலகத்துக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல லிஃப்டைத்தான் பார்த்தார், அப்புறம்தான் பொண்ணைப் பார்த்தார்"னேன். அவ சிரிச்ச சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

உன்கிட்டச் சொல்லாம ஒண்ணு செஞ்சேன். அங்க இருக்கும்போது சொல்ல வரல. உன் கையில இந்தக் கடிதம் வர்றப்ப நீயும் தனியா உட்கார்ந்து படிப்பேன்னுதான் இப்ப எழுதுறேன்.

நான் கிளம்புறதுக்கு முந்தின நாள் காலைல, நீ வேலைக்குப் போனப்புறம், லிஃப்ட்காரரைக் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னேன். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. என் பிள்ளை பேரைச் சொன்னேன், புரிஞ்சுக்கிட்டார். வண்டியை நிறுத்திட்டு வெளியிலயே நின்னுட்டார், உள்ள வரல. மரியாதை தெரிஞ்ச பிள்ளை.

அவன்கிட்டக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். என்ன பேசினேன்ங்கிறது எங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். அப்புறம் எழுந்து அந்தச் சுவர் ஓரமா போனேன். நாம ரெண்டு பேரும் போயிருந்தப்ப, "அன்னைக்கு நான் இங்கதான் நின்னேன்"னு போற போக்குல ஒரு இடத்தைக் காட்டினியே, அங்க. எனக்கு அப்பவே உறுத்துச்சு. கட்டினவனை அடக்கம் பண்றப்ப பக்கத்துல நிக்காம, இவ்வளவு தள்ளி, சுவரோரம் போய் இவ ஏன் நின்னான்னு.

அங்க போய் நின்னேன். அங்க நின்னாத்தான் வாசல் தெரியுது. வேற எங்க நின்னாலும் மரம் மறைக்குது.

கடைசி மண்ணு விழற வரைக்கும் நான் வந்துடுவேன்னு வாசலைப் பார்த்துட்டு நின்னிருக்கே. அதை இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னியா நீ?

எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. லிஃப்ட்காரர் வாசல்லருந்து என்னைப் பார்த்துட்டு, உள்ள வரலாமான்னு கையால கேட்டார். வாங்கன்னு கூப்பிட்டேன். வந்து பக்கத்துல நின்னார். நான் எதைப் பார்க்கிறேன்னு அவரும் திரும்பி வாசலைப் பார்த்தார். உன் பக்கத்துல நிக்கிறதுக்கு ஏத்த ஆள்தான்.

உன் அத்தை